பனியனுக்குள் ஓர் ஆலமரம்

திருப்பூரில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. வெளிநாட்டு பையர் ஒருவருக்கு முதன்முதலாக நானே மெயில் எழுதினேன். எங்களிடம் எல்லா சைஸிலும் பனியன் கிடைக்கும் என்று சொல்ல வந்தவன், பனியன் என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. மரம் எதுவும் எங்களுக்கு வேண்டாம், துணி மட்டும் போதும் என்று. அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே குழம்பினாரா, தெரியாது. ஆபீசில் மட்டும் ஒரு மாதத்துக்கு என் பெயர் ஆலமரம்.

வெட்கம் தீர அகராதியைப் புரட்டினேன். பார்த்தால், பையர் சொன்னதும் சரி, நான் எழுதியதும் சரி. ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் நம் திருப்பூர்ப் பனியனும் ஒரே சொல். இரண்டுக்கும் தகப்பன் ஒரு குஜராத்தி வியாபாரி.

குஜராத்தியில் வாணியோ என்றால் வியாபாரி. நம் வணிகன், வாணிபம் எல்லாம் அதற்கு உறவுமுறைதான். மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் வாயில் அது பனியன் ஆனது. 16-ஆம் நூற்றாண்டு முடிகிற சமயம் ஆங்கிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அப்போது அதற்கு வியாபாரி என்றுதான் அர்த்தம். பாரசீக வளைகுடாக் கரையில் கோம்ப்ரூன் என்று ஒரு துறைமுகம் இருந்தது. இன்றைக்கு ஈரானில் பந்தர் அப்பாஸ் என்கிறார்கள். அங்கே குடியேறிய இந்திய வியாபாரிகள் ஒரு பெரிய ஆலமரத்தடியில் சின்னதாகக் கோயில் கட்டிக் கும்பிட்டு வந்தார்கள். அந்தப் பக்கம் போன ஐரோப்பியருக்கு மரத்தின் பெயர் தெரியாது. பனியன்களுடைய மரம் என்று அடையாளம் சொன்னார்கள். அங்கே நின்ற ஒற்றை மரத்துக்குச் சொன்ன அடையாளம், போகப்போக ஆலமரச் சாதி முழுவதற்கும் பெயராக நின்றுவிட்டது.

அப்புறம் துணி. இந்த வியாபாரிகள் போட்டிருந்த தொளதொள அங்கி ஐரோப்பியருக்குப் பிடித்துப்போனது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வசதியான ஆண்கள் வீட்டில் ஓய்வாக இருக்கும்போது மாட்டிக்கொண்ட அங்கிக்குப் பெயரும் பனியன்தான். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களிடம் அதே சொல் உடம்பை ஒட்டிப் போடும் உள்சட்டைக்கு இறங்கியது. 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்திய அகராதி, முதலில் மஸ்லினில் இருந்த இந்த உள்சட்டை இப்போது இழுத்தால் நீளும் பின்னல் துணியில் வருகிறது என்று குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பின்னல் துணிதான் பிற்பாடு திருப்பூருக்குச் சோறு போட்டது.

இப்படி ஒரு சொல் எங்கே பிறந்தது, யார் யார் கை மாறியது, வழியில் எந்த அர்த்தத்தைத் தொலைத்து எதைப் பொறுக்கியது என்று தேடிப் போகிற படிப்புக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். பெயர்தான் பெரிது. லாரி ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சரக்கு வந்து இறங்கினால் போதாது, எல்.ஆர். என்கிற லாரி ரசீது வேண்டும். எங்கே ஏற்றியது, எங்கே மாற்றியது, எந்தத் தேதி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தாள் இருக்க வேண்டும். சொல்லுக்குத் தாள் என்றால் பழைய கடிதம், கப்பல் கணக்கு, பயணக் குறிப்பு, செய்யுள். இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன என்பது ரசீது ஆகாது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒன், ஒன்று, எய்ட், எட்டு, பார், ஆங்கிலமே தமிழிலிருந்து வந்ததுதான் என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒன்றாவது வருகிறது. எட்டுக்குப் பழைய ஜெர்மானிய மொழிகளிலும், லத்தீனில் ஆக்டோ என்றும், சமஸ்கிருதத்தில் அஷ்ட என்றும் வரிசையாக உடன்பிறப்புகள் இருக்கின்றன. எய்ட் அந்த வீட்டுப் பிள்ளை. நம் எட்டு, கன்னடத்து எண்டு, தெலுங்கு எனிமிதி எல்லாம் வேறு வீடு. ஒன் கதை இன்னும் சுவாரசியம். பழைய ஆங்கிலத்தில் அது ஆன். முன்னால் நிற்கும் வகர ஒலியே பின்னால் வந்து ஒட்டியது. அலோன், ஓன்லி ஆகிய சொற்களுக்குள்ளும் அதே ஒன்தான் இருக்கிறது; அங்கே வகரம் ஒட்டவில்லை. இன்றைக்குக் கேட்கிற ஓசையை வைத்து முடிச்சுப் போட்டால் முகூர்த்தமே தப்பிப்போகும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ரசீதோடு போன சொற்களே வேண்டிய மட்டும் இருக்கும்போது கள்ளச் சரக்கு எதற்கு?

போன பொங்கலுக்கு அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் போனை நீட்டினாள்.

"ஏனுங் மாமா, ரோம்ல பட்டாளத்துக்காரங்களுக்கு உப்பையே சம்பளமாக் குடுத்தாங்களாமா? அதுலதான் சேலரி வந்துச்சாமா. நெசமுங்களா?"

"பாதி நெசம் அம்மணி."

சேலரி லத்தீன் சலாரியம் என்பதிலிருந்து வந்தது; அதற்குள் உப்பைக் குறிக்கும் சால் இருக்கிறது. அதுவரைக்கும் ரசீது சரி. வீரர்களுக்கு மூட்டையாக உப்பை அளந்து கூலி கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய ரோமானிய எழுத்தில் சான்று இல்லை; பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை. நம்மிடமும் இதற்கு ஜோடி உண்டு. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் என்பார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் சமஸ்கிருதத்தில் சம்பல என்று ஒரு சொல் இருக்கிறது, வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு என்ற பொருளில். கட்டுச்சோறுதான் கூலியாக மாறியது என்பது எனக்கு நெல்லையும் உப்பையும் விட நம்பும்படி இருக்கிறது. அவளுக்கு இதில் திருப்தி இல்லை. ரோமாபுரி உப்புதான் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டாள்.

சரி, அந்த ஊரிலேயே நிற்போம். அப்புச்சி தோட்டம் காங்கேயம் பக்கம், சிவன்மலை பார்வையில். களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. கொப்பரையை எங்கள் பக்கம் பருப்பு என்றே சொல்வோம். சந்தை விலைப் பட்டியலிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கோப்ரா. பாம்பு இல்லை, பயப்பட வேண்டாம். மலையாளத்துக் கொப்பரயைப் போர்ச்சுக்கீசியர் வாங்கி விற்ற சொல் அது. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களில் திரிக்கிற காயர் இருக்கிறதே, அதுவும் மலையாளக் கயர், நம் கயிறு. சொல் போர்ச்சுக்கீசியக் கப்பலில்தான் ஏறியது, ஆனால் ஏற்றிவிட்டவர்கள் இந்தக் கரைக்காரர்கள்.

சிவன்மலைக்கு இதைவிடப் பழைய பெருமை உண்டு. கொரண்டம் என்ற கனிமம் அதைச் சுற்றியுள்ள பாறைகளில் இருக்கிறது. 1901-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இந்தப் பாறை வகைக்கே சிவமலை வரிசை என்று பெயர் வைத்து எழுதியது. கொரண்டம் என்பது வேறொன்றும் இல்லை, தமிழ்க் குருந்தம். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு. மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் இது 9. நிறம் கலக்காமல் கிடந்தால் வெறும் கல். சிவப்பு ஏறினால் மாணிக்கம், நீலம் ஏறினால் நீலக்கல். உலகத்தில் எந்த மூலையில் நிலவியல் படித்தாலும் அந்தப் பிள்ளைகள் இந்தத் தமிழ்ச் சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் சாணை பிடிக்கிறவர் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டில் பின்னோக்கி உட்கார்ந்து, பெடலை மிதித்தார். அப்புச்சியின் மட்டை வெட்டும் அரிவாளைச் சக்கரத்தில் சாய்த்ததும் பொறி தெறித்து வேட்டி ஓரத்தில் விழுந்தது. அந்தச் சக்கரத்தில் இறுகிக் கிடக்கும் சொரசொரப்பான தூள் அலுமினியம் ஆக்சைடு, அதாவது ஆலையில் செய்த குருந்தம். மர ஆசாரி கையில் இருக்கும் உப்புத்தாளிலும் பல நேரம் அதே தூள்தான். மாணிக்கத்தின் ஏழைத் தம்பி அரிவாளுக்குக் கூர் போட்டுவிட்டு இருபதோ முப்பதோ வாங்கிக்கொண்டு போனான்.

சிவன்மலையிலிருந்து திருப்பூர் போகிற வழியில் படியூர். அங்கே பெரில் என்ற பச்சை, நீலப் படிகக் கல் எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது பெரில், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் மணியாகக் கோத்த பட்டறைகளின் மிச்சம் கிடைத்தது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள். ரோமானியர் இந்தக் கல்லுக்காக ஏங்கினார்கள். கிரேக்கர் அதை பெரில்லோஸ் என்றார்கள்; அது பிராகிருத வேளுரியத்திலிருந்து போனது, நம் வைடூரியத்தின் அண்ணன். இதோடு நிற்கவில்லை. ஆரம்ப காலத்தில் படிகக் கல்லைத் தேய்த்துக் கண்ணுக்கு வைத்ததால், ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கே பிரில்ல என்று பெயர் நின்றுவிட்டது. கொடுமணலில் கல் தேய்த்த கைக்கும் பெர்லினில் கண்ணாடி மாட்டுகிற காதுக்கும் இப்படி ஒரு சொந்தம்.

சில சொற்கள் போனவை திரும்பியும் வரும். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை அடுக்கும் இடத்தைக் குடோன் என்போம், ஆங்கிலம் பேசுகிற நினைப்பில். தமிழ்க் கிடங்கு, தெலுங்கு கிட்டங்கி. இவற்றிலிருந்து மலாய் குதாங், அதிலிருந்து ஆங்கிலம் என்றுதான் அகராதிகள் பாதை போடுகின்றன. கிடங்கு கடல் தாண்டிப் போய், குடோனாகத் திரும்பி வந்து, ஈரோட்டில் கிடங்குக்குப் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டது. கோபிக்குப் பக்கம் கொடிவேரியிலும் இதே கூத்து. ஆங்கிலத்தில் அதை அனிகட் என்று எழுதுகிறார்கள். அணைக்கட்டு என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும். கல்லணையை கிராண்ட் அனிகட் ஆக்கியதும் அந்தக் காலத்து எஞ்சினியர்கள்தான். மஞ்சளுக்குக் கூவுகிறோமே ஏலம், அது மட்டும் எதிர்ப்பக்கம்: போர்ச்சுக்கீசிய லெய்லாவ்ங்.

சமையலறைக்கு வந்தால் கதை இனிக்கும். சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் முதலில் பொடிக்கல், பருமணல். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கிளறினால் மணல் மாதிரி உதிருமல்லவா, அதனால் அந்தப் பெயர் ஏறியது. பாரசீகத்தில் ஷக்கர், அரபியில் சுக்கர், இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்தில் ஷுகர். அதே சொல் மலையாளத்தில் சக்கரயாகி, போர்ச்சுக்கீசியர் வழியாக வேறொரு கதவில் நுழைந்து ஜாகரி ஆனது. ஆக, சர்க்கரை, ஷுகர், ஜாகரி மூவரும் உடன்பிறப்புகள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடியிலிருந்து போகும் நாட்டுச்சர்க்கரையை ஒரு சிட்டிகை எடுத்து விரல் நடுவில் தேய்த்துப் பாருங்கள். பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. கேண்டியும் பக்கத்து வீடுதான்: கண்ட என்றால் துண்டு, நம் கற்கண்டில் இருக்கும் கண்டு.

மிளகுதான் ஏமாந்துபோனது. பெப்பர் என்ற சொல் பிப்பலியிலிருந்து, அதாவது திப்பிலியிலிருந்து போனது. திப்பிலியின் பெயரை மிளகு எடுத்துக்கொண்டது. பிறகு அமெரிக்காவிலிருந்து மிளகாய் வந்தபோது, அதுவும் காரமாக இருக்கிறதே என்று அதற்கும் பெப்பர் என்று வைத்துவிட்டார்கள். இன்றைக்கு ஆங்கிலத்தில் குடைமிளகாய் வரைக்கும் பெப்பர். திப்பிலிக்கோ நீள மிளகு என்று பட்டப்பெயர். இஞ்சி கதை வேறு மாதிரி. இஞ்சிவேர் வடக்கே போனபோது, அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் புரியவில்லை. கிழங்கு கொம்பு மாதிரி முளைத்திருக்கிறதே என்று சிருங்க, அதாவது கொம்பு, என்ற தங்கள் சொல்லோடு ஒட்டிச் சிருங்கவேர ஆக்கிக்கொண்டார்கள். அது கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், ஆங்கிலத்தில் ஜிஞ்சர். புரியாத சொல்லைப் புரிகிற மாதிரி வளைத்துக்கொள்வதை மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்பார்கள். சம்பாவும் அளமும் சேர்ந்த கதை இதே ரகம்.

இரண்டு ஊரில் ஒரே எண்ணம் தோன்றுவதும் உண்டு. அதைக் கடன் என்று எழுதிவிடக் கூடாது. விண்டோ என்பது வைக்கிங்குகள் கொண்டுவந்த விண்டவுகா, காற்றுக்கண் என்று பொருள். சிலப்பதிகாரத்தில் மான்கண் காலதர் என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, அதுவும் மான்கண் வடிவில். இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இவ்வளவு அழகான சொல்லைப் பரணில் போட்டுவிட்டு நாம் புழங்குகிற ஜன்னல், போர்ச்சுக்கீசிய ஜனேலா. கண்ணின் கருமணியை ஆங்கிலத்தில் ப்யூபில் என்பார்கள். லத்தீனில் சின்னப் பொம்மை. எதிரில் இருப்பவர் கண்ணை நெருங்கிப் பார்த்தால் நம் உருவம் பொம்மை அளவுக்குத் தெரியும், அதனால்தான். வள்ளுவரும் கருமணியிற் பாவாய் என்று அந்தப் பொம்மையைக் கூப்பிட்டு, என் காதலிக்கு இடம் வேண்டும், நீ எழுந்து போ என்கிறார். மாணவனைக் குறிக்கும் ப்யூபிலும் அதே லத்தீன் வேரில் முளைத்ததுதான்.

அர்த்தம் மாறுவதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நைஸ் என்பது ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாதவன் என்ற வசவு. நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம். மற்ற ஊரில் பழமை என்றால் பழைய காலம். எங்கள் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து பழமை பேசுவோம், புத்தம் புதிய ஊர்வம்பாக இருந்தாலும்.

மறுபடி திருப்பூருக்கு. கட்டிங் டேபிளில் தினமும் விரிகிற பின்னல் துணி சிங்கிள் ஜெர்சி; அதில் இருப்பது ஆங்கிலக் கால்வாயில் சுமார் 120 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள ஜெர்சி தீவின் பெயர். அங்கே ஒரு காலத்தில் கம்பளி பின்னுவது பெரிய தொழில். கட்டுத்தரையில் அசைபோடும் ஜெர்சி மாடும் அதே தீவுக்காரிதான். எங்கள் ஊரில் காலையில் ஒரு ஜெர்சியைக் கறந்துவிட்டு, இன்னொரு ஜெர்சியைத் தைக்க கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். பேட்டர்ன் மாஸ்டர் வாயில் நாளுக்குப் பத்துத் தடவை வரும், கழுத்துவரை நீளும் ராக்லான் கை, கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ராக்லான் பிரபுவின் பெயர். அவருக்கு வலது கை கிடையாது. 1815-இல் வாட்டர்லூவில் போனது. அதே கிரிமியப் போரில் 1854-இல் குதிரைப் படையை நேராகப் பீரங்கி வாயில் விட்டவர் கார்டிகன் பிரபு; முன்பக்கம் திறக்கும் கார்டிகன் ஸ்வெட்டர் அவர் பெயர்தான். அந்தச் சண்டை நடந்த ஊர் பாலக்லாவா, நாம் ஊட்டிக்குப் போனால் மாட்டுகிற மங்கி குல்லாவின் ஆங்கிலப் பெயர். அந்தப் போரில் லட்சக்கணக்கில் செத்தார்கள். மிஞ்சியது ஒரு கை வெட்டு, ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா.

அந்த மெயிலுக்கு அப்புறம் நான் பனியன் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். வெஸ்ட் என்று எழுதினேன். அது இங்கிலாந்துக்குச் சரி, அமெரிக்கக்காரருக்கு வெஸ்ட் என்றால் கோட்டுக்குள் போடும் பட்டன் வைத்த மேலங்கி. சரி என்று டேங்க் டாப் என்று மாற்றினேன், இன்றுவரை அதுதான். போன மாதம் சும்மா இருந்த நேரத்தில் அதையும் புரட்டிப் பார்த்தேன். நீச்சல் குளத்தை முன்பு டேங்க் என்றார்களாம், அதில் போட்ட நீச்சல் உடுப்பின் சாயலில் இருந்ததால் டேங்க் டாப். அந்த டேங்க் எங்கே பிறந்தது என்றால், குஜராத்தி டாங்க்கு, தண்ணீர்த் தொட்டி. அதற்கு முன்னே சமஸ்கிருதத் தடாகத்தைக் காட்டுகிற அகராதிகளும் உண்டு.

குஜராத்தி வியாபாரியிடமிருந்து தப்பித்து ஓடியவன் குஜராத்தித் தொட்டியில் விழுந்திருக்கிறேன். கோவை காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது தடாகம் என்று போர்டு போட்ட டவுன் பஸ் ஒன்று முன்னால் வந்து நின்றது. ஆபீசில் இதைச் சொல்லவில்லை. ஆலமரம் என்ற பெயர் போகவே ஒரு மாதம் ஆனது.